சாவியக்கா வீட்டு ஆணிகள்

தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பலகை இருந்தது. பலகை முழுக்க ஆணிகள். காலையில் ஊர் வயலுக்குக் கிளம்பும்போது ஆணிகளில் சாவிகள் வந்து தொங்கும். சாயங்காலம் ஒவ்வொன்றாகக் காலியாகும்.

யாரும் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு இல்லை. வயல்கள் தூரத்தில் இருந்தன. வீட்டுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. இடுப்பில் செருகிக்கொண்டு போனால் சேற்றில் விழுந்துவிடும். வீட்டுக்கு முதலில் திரும்புவது யார் என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையாக இருக்கலாம், தலைவலி என்று பாதியில் வந்த மருமகளாக இருக்கலாம். தெருவின் முதல் வீடு தையல்காரியுடையது. நாள் முழுக்க மெஷினை விட்டு எழுந்திருக்காதவள் அவள் ஒருத்திதான். போகிற வழியில் ஒருத்தி சாவியைக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு பலகை வந்தது. ரவிக்கை வெட்டி மிஞ்சிய துணியில் நாடா கிழித்து ஒவ்வொரு சாவிக்கும் முடிந்துவிட்டாள். பால்காரம்மா வீட்டுக்குப் பச்சையில் வெள்ளைப் பூ. ரைஸ்மில் வீட்டுக்கு மினுங்குகிற ஊதா. ஒரு சாவி மட்டும் எப்போதும் அசையாது. ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது, துருவேறித் தொங்கியது.

ஊர் அவளைச் சாவியக்கா என்று கூப்பிட்டது. டிராக்டர் ஓட்டும் அவள் கணவனுக்கு அதில் பெருமை.

"எங்க வீட்டுல திருட வர்றவன் பாவம். எந்த வீட்டை முதல்ல திறக்கிறதுன்னு யோசிச்சே விடிஞ்சுடும்."

அவளுக்கு ஒரே ஒரு குறைதான். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் வீட்டை விட்டு நகர முடியாது. டவுனுக்குப் போய்த் தானே நூல் எடுக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. கணவன் வாங்கி வருவான், தப்பான நீலத்தில்.

"நீலம்தானே கேட்டே?"

"மயில்கழுத்து நீலம் கேட்டேன்."

"மயிலைக் கூட்டிட்டுப் போனாத்தான் சரியா வரும்."

அப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு மத்தியான பஸ்ஸில் அவள் தம்பி வந்தான். தோளில் ஒரு பை. ஜெயிலில் கொடுத்த செருப்பு. வயல்களில் மோட்டார் கேபிளை அறுத்து, தோலை எரித்து, உள்ளிருந்த செம்புக் கம்பியை விற்றதற்காகப் போயிருந்தான். சுற்றுவட்டாரத்தில் பல கிணறுகள். அதில் ஒன்று இதே ஊரில், பால்காரம்மாவின் கிணறு. கேபிள் மாற்றுவதற்குள் அவள் தீவனப் பயிர் காய்ந்துபோனது. பசியில் மாடுகள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. சாவியக்காவும் கேட்டாள்.

தம்பி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள், இரண்டு முட்டை பொரித்து வைத்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

"இங்கேயே இருக்கப் போறியா?"

"மாமா என்ன சொல்வாரோ."

"மாமாவா? நீ வர்றேன்னதும் கட்டிலை இழுத்து வெளியே போட்டுட்டார். உள்ளே புழுக்கமாம்."

மறுநாள் காலையிலேயே முதல் ஆள் வந்துவிட்டாள். மூன்றாவது வீட்டு மருமகள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. மாமியாருக்கு முட்டிவலி. இனிமே வீட்டுலதான் இருப்பாங்க. சாவி தேவைப்படாது."

"முந்தாநாள் களை எடுக்கப் போனாங்களே."

"அதுலதான் வந்துச்சு வலி."

அடுத்தவள் வீட்டில் புதுப் பூட்டு வாங்கிவிட்டார்கள், கடைக்காரன் இரண்டு சாவி கொடுத்திருக்கிறான். ரைஸ்மில்காரர் மனைவி வந்து, சாவி இறுகிப்போயிருக்கிறது, எண்ணெய் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று எடுத்துப் போனாள். கொண்டுவரவில்லை. ஒருத்தி காரணம் சொல்ல வாயைத் திறந்து, தம்பியைப் பார்த்ததும் மறந்துபோய், "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்டுவிட்டுச் சாவியோடு போனாள்.

பால்காரம்மா கடைசியாக வந்தாள். கையில் காலிப் பால் கேன்.

"எனக்குப் பொய் சொல்ல வராது. உன் தம்பி இருக்கிற வீட்டுல என் சாவி இருக்க வேண்டாம். உன்மேல எனக்கு வருத்தம் இல்லை."

சாவியக்கா பச்சை நாடாவைப் பிடித்து எடுத்துக் கொடுத்தாள். வந்தவர்களில் அவள்மேல் மட்டும்தான் கோபம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில், காலை வெயில் நேராகப் பலகைமேல் விழுகிற நேரத்தில், ஆணிகள் வெறும் ஆணிகளாக நின்றன. துருவேறிய சாவி மட்டும் இருந்தது. அதைக் கேட்டு வருவதற்குத்தான் ஆள் இல்லை.

*

அந்தச் சமயத்தில் ஊருக்கு ஒரு போலீஸ்காரி வர ஆரம்பித்திருந்தாள். ஊர்மக்களோடு சேர்ந்து காவல் பார்ப்பது என்று மேலிடத்தில் முடிவாகி, இந்த ஊர் அவளுக்கு வந்திருந்தது. வாரத்தில் சில நாள் ஸ்கூட்டரில் வந்து, பழைய விதை குடோனில் மேஜை போட்டு உட்காருவாள். சின்ன வயது. யாராவது "மேடம்" என்றால் திரும்பிப் பின்னால் பார்ப்பாள். மேய்ந்துவிட்ட ஆடு, பேச்சுவார்த்தை இல்லாத மாமனார், சுவரைத் தாண்டிக் கிளை நீட்டிய மரம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் ஊர்க் குழு ஒன்று ஆரம்பித்துக் கொடுத்தாள். சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் போடுங்கள் என்றாள். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ படங்கள் வந்து விழுந்தன.

பிறகு கேபிள் திருட்டு தொடங்கியது. முதலில் வாய்க்கால் மேட்டில் ஒரு கிணறு. அப்புறம் அதற்கடுத்த வயல். அப்புறம் மறுபடியும் பால்காரம்மாவின் கிணறு.

ரைஸ்மில்காரர் தலைமையில் ராத்திரிக் காவல் ஏற்பட்டது. டார்ச்சும் தடியும் விசிலுமாக ஆண்கள் முறை வைத்துச் சுற்றினார்கள். தொட்டில் குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டன. கேபிள் போய்க்கொண்டுதான் இருந்தது. தடியோடு சுற்றியவர்கள் பகலில் வரப்பில் உட்கார்ந்து தூங்கி வழிந்தார்கள். ஒவ்வொருவரும் தூங்கி எழுந்ததும் தெருவின் முதல் வீட்டைப் பார்த்தார்கள்.

போலீஸ்காரி சாவியக்கா வீட்டுக்கு வந்தாள். மெஷின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுத்தான் ஆகணும், கோவிச்சுக்காதீங்க. கேபிள் போனப்போ உங்க தம்பி எங்கே இருந்தார்?"

"வீட்டுல. பட்டன் கட்டிக் குடுத்துட்டிருந்தான். அந்தக் கொடியில பாருங்க, எல்லாம் அவன் கட்டினதுதான். ஒரு பட்டன் நேரா இருக்காது."

போலீஸ்காரி சட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள்.

"நான் நம்புறேன். ஆனா சொந்த அக்கா சொல்றது சாட்சியான்னு கேட்பாங்க. அவரை வேற எங்கேயாவது கொஞ்ச நாள் இருக்கச் சொல்ல முடியுமான்னு மில்காரர் கேட்கச் சொன்னார். குடோன்ல கூட்டம் வெச்சிருக்காங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குச் சொல்லத் தெரியலை. அதான் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு உங்ககிட்ட கேட்கிறேன்."

அவள் போனதும் தம்பி உள்ளறையிலிருந்து பையோடு வந்தான்.

"நான் கிளம்பறேன்க்கா."

"எங்கே?"

"எங்கேயாவது. டவுன்ல மூட்டை தூக்கலாம்."

"இன்னைக்கு நீ பஸ் ஏறினா, நாளைக்கு ஊரே சொல்லும், பாத்தியா ஓடிட்டான்னு. அதுக்கப்புறம் எத்தனை கேபிள் போனாலும் உன் தலையிலதான். இருந்துகிட்டே கெட்ட பேர் வாங்கறதுகூடப் பரவாயில்லை. இல்லாதவனுக்கு வர்ற கெட்ட பேரைத் துடைக்க முடியாதுடா."

"உனக்குத் துணி தைக்கக்கூட யாரும் வர்றதில்லை."

"வராட்டி நல்லதுதான். இடுப்புவலி குறையும்."

வாசலில் டிராக்டரின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்த கணவன் குரல் கொடுத்தான். "மாப்ள, நீ போறதுன்னா போ. ஆனா அந்தக் கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டுட்டுப் போ. எனக்கு வெளியே கொசு தாங்கலை. புழுக்கம்னு சொன்னது சும்மா."

தம்பி பையைக் கீழே வைத்தான். மெஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.

"அக்கா, ராத்திரிக் காவல் பிரயோஜனம் இல்லை."

"ஏன்?"

அவன் சொன்னான். அவள் கத்தரியை மேஜையில் வைத்தாள்.

"இதை அங்கே வந்து சொல்லு."

"சொன்னா, பாத்தியா எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கான்னு சொல்வாங்க."

"தெரிஞ்சு வெச்சிருந்ததுக்குத்தானே ஜெயிலுக்குப் போனே. அது ஒண்ணும் ரகசியம் இல்லை. எழுந்திரு."

*

குடோனில் விதை வாசனை இன்னும் போகவில்லை. அக்காவும் தம்பியும் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ரைஸ்மில்காரர் தொண்டையைச் செருமினார்.

"நாங்க யாரையும் சொல்லலை. பொதுவாத்தான் பேசிட்டிருந்தோம்."

"என் தம்பிக்கு ஒண்ணு சொல்லணுமாம்," என்றாள் சாவியக்கா. கூட்டத்தில் அவள் பேசுவது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி சுவரோரமாக நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ராத்திரி வரமாட்டாங்க. போஸ்ட்டுலேர்ந்து ஷெட்டுக்கு வர்ற கேபிள்லதான் காசு. ராத்திரி அதுல கரண்ட் ஓடும். யாரும் கை வைக்கமாட்டாங்க. கரண்ட் இல்லாதப்பதான் வரணும். கரண்ட்டை நிறுத்தறது பகல்லதான்."

"பகல்ல நாங்க இருக்கோமேடா வயல்ல," என்றது ஒரு குரல்.

"கரண்ட் போனா மோட்டார் ஓடாது. தண்ணி வராது. நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவீங்க. மறுநாள் காலையிலதான் திரும்பி வருவீங்க, ராத்திரிதான் போச்சுன்னு நினைச்சுப்பீங்க."

அவரவர் வயலிலிருந்து அவரவர் திரும்பிப் போன மத்தியானங்களை நினைத்துப் பார்த்தார்கள்.

"கரண்ட் போனது வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரைஸ்மில்காரர். "லைன்மேன் ஏதாவது..."

"லைன்மேன் இல்லைங்க." தம்பி தரையைப் பார்த்தான். "உங்க மில்."

"என் மில்லா?"

"பெரிய ரோட்டுப் புளியமரம் வரைக்கும் மில் சத்தம் கேட்கும். நாங்க அங்கேதான் உட்கார்ந்திருப்போம். உங்க மில் சோத்துக்குக்கூட நிக்காதுன்னு நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. அது நின்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தம். வண்டியை எடுத்துடுவோம்."

ஒரு நொடி கழித்து யாரோ சிரித்தார்கள். டிராக்டர்காரனாகத்தான் இருக்கும். அப்புறம் குடோன் முழுக்கச் சிரித்தது. ரைஸ்மில்காரர் முகம் சிவந்தது.

"சங்கு ஊதிக் கூப்பிட்டிருக்கீங்க மாமா, இத்தனை நாளா," என்றாள் ஒரு மருமகள்.

"சிரிங்க, சிரிங்க." அவர் எழுந்து நின்றார். "அப்போ நான் ஒண்ணு செய்யறேன். லைன்ல கரண்ட் இருக்கும்போதே மில்லை நிறுத்தறேன். அவன் வரட்டும். வந்து கை வைக்கட்டும். அதோட விட்டுது தொல்லை."

சிரிப்பு நின்றது. சிலர் தலையாட்டினார்கள். போலீஸ்காரி எழுந்தாள். இந்தத் தடவை தொப்பி அவள் தலையில் இருந்தது.

"அப்படிச் செஞ்சா, நான் அவனைப் பிடிக்க வரமாட்டேன். உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வருவேன். கேபிளுக்கு ஒரு உசிரா?"

"வேண்டாங்க," என்றான் தம்பி அவள் முடிக்கும் முன்பே. குரல் உயர்ந்திருந்தது. "என்கூட இருந்தவனுக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு. மில் ஏதோ ரிப்பேருக்கு நின்னிருக்கு, எங்களுக்குத் தெரியலை. கை கருகின வாசனை... நான்தான் அவனைத் தூக்கிட்டு ஓடினேன். வேண்டாங்க."

பால்காரம்மா அப்போது கேட்டாள்.

"என் கிணத்துக்கு எந்தப் பக்கமா வந்தே அன்னைக்கு?"

"வாய்க்கால் பக்கமா."

"நான் எங்கே இருந்தேன்?"

"வீட்டுக்குப் போயிட்டிருந்தீங்க. தலையில புல்லுக்கட்டு. உங்க முதுகைப் பாத்தோம்."

அவள் அவனையே பார்த்தாள்.

"மாடுங்க கத்தினது தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அப்புறம் அக்கா ஜெயிலுக்குப் போட்ட கடுதாசியில சொன்னா. வேற எதுவும் சொல்லலை, அதை மட்டும்தான் சொன்னா."

பால்காரம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு போலீஸ்காரியிடம் திரும்பினாள். "அடுத்து எப்போ கரண்ட் நிறுத்தறாங்கன்னு விசாரிச்சு வைம்மா. எல்லாரும் வீட்டுக்குப் போற மாதிரி போவோம். போய், வாய்க்கால் வழியாத் திரும்பி வருவோம். என் கிணத்துலதான் புதுக் கேபிள் இருக்கு. அதுக்குத்தான் வருவான்."

*

பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட் நிற்கும் நாள் வந்தது. பொழுது உச்சிக்கு ஏறும்போது மில் சத்தம் அறுந்தது. அது இல்லாதபோதுதான் ஊரில் எத்தனை குருவிகள் என்று தெரிந்தது. மோட்டார்கள் நின்றன, வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தது. பெண்கள் கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

சாவியக்காவும் வந்திருந்தாள். காத்து உட்கார ஆணியில் சாவிகள் இல்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்தாள். பகல் வெளிச்சத்தில் வயலைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சோளக்கொல்லைக்குள் எல்லோரும் குந்தினார்கள். சோளத்தாள் கழுத்தை அறுத்தது. போலீஸ்காரி சாயம்போன சேலை கட்டி வந்திருந்தாள். பால்காரம்மாவுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று பேர் மேல் சாய்ந்தாள்.

"தும்மிடுங்க," என்றான் டிராக்டர்காரன் கிசுகிசுப்பாக. "திருடன் ஆயுசுக்கு நல்லதுன்னு நினைச்சுப்பான்."

"வாயை மூடுங்க," என்றாள் சாவியக்கா.

வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சாக்குப்பையோடு கீழே நின்றான். மற்றவன் போஸ்ட்டில் சாய்த்த கழியைப் பிடித்து ஏறினான். ஏறும்போது ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினான். இன்னொரு கை விரல்கள் மடங்கிச் சூம்பியிருந்தன. தம்பி அதைப் பார்த்ததை அக்கா பார்த்தாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

போலீஸ்காரி விசில் ஊதினாள். கீழே நின்றவன் வரப்பில் ஓடி, வாய்க்காலில் இடறி, இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டான். அவனைப் பிடிக்க யாரும் சிரமப்படவில்லை. மேலே இருந்தவன் இறங்குவதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. அவனை இழுத்துக் கீழே தள்ளினார்கள். தடிகள் உயர்ந்தன. போலீஸ்காரி கத்தினாள். அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

தம்பி உள்ளே புகுந்து அவன்மேல் கவிழ்ந்துகொண்டான். ஒரு அடி விழுந்தது, தோள்பட்டையில். ரைஸ்மில்காரர் தன் கையிலிருந்த தடியை, அது யாருடையது என்று தெரியாதவர்போலப் பார்த்தார். பிறகு கீழே போட்டார். மற்றவர்களும் தடிகளை இறக்கினார்கள்.

தம்பிக்கு அடியில் கிடந்தவன் தலையைத் தூக்கினான்.

"நீயா?"

"நான்தான்."

"நீயாடா சொல்லிக் குடுத்தே?"

"ஆமா."

"ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா."

"ஆமா." தம்பி எழுந்திருக்கவில்லை. "அதான் இன்னைக்குக் கரண்ட் இல்லாத நாளாப் பாத்து உன்னைப் பிடிச்சோம்."

கை சூம்பியவனுக்கு அது புரிந்ததா என்று தெரியாது. பால்காரம்மாவுக்குப் புரிந்தது. அவள் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். யாருக்கு என்று சொல்லவில்லை. தம்பி வாங்கி முதலில் அவனுக்குக் கொடுத்தான்.

*

அதற்குப் பிறகும் சில நாள் ஆணிகள் காலியாகவே இருந்தன. தம்பி அடிபட்ட தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு பட்டன் கட்டினான். ஒரு கையை வைத்துக் கட்டியதாலோ என்னவோ, பட்டன்கள் கொஞ்சம் நேராக வந்தன. மில்லில் மூட்டை தைக்க ஆள் வேண்டும், தோள் சரியானதும் வரச் சொல் என்று ரைஸ்மில்காரர் டிராக்டர்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஒரு காலை, சாவியக்கா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பால்காரம்மா வந்தாள். வாசலில் தம்பி மட்டும் இருந்தான்.

"அக்கா பின்னால இருக்கா, கூப்பிடறேன்."

"அக்கா எதுக்கு? ஆணி இங்கேதானே இருக்கு." சாவியை நீட்டினாள். பச்சையில் வெள்ளைப் பூ. "எங்க ஆணி எதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"மேல் வரிசை. ஓரத்துலேர்ந்து அடுத்தது. மாத்தி மாட்டிடாதே, அப்புறம் என் வீட்டுக்குள்ள வேற எவளாவது போயிடுவா."

அவன் மாட்டினான். சாவி சுவரில் இடித்துச் சின்னதாகச் சத்தம் போட்டது. பின்கட்டில் சாவியக்கா கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். மாமியாரின் முட்டிவலி ஒரே நாளில் குணமாகியிருந்தது. ரைஸ்மில் வீட்டுச் சாவி எண்ணெய் வழிய வந்தது.

"இவ்வளவு நாளாவா போட்டுட்டிருந்தீங்க எண்ணெய்?" என்றாள் சாவியக்கா.

"துரு ஜாஸ்தி," என்றாள் மில்காரர் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

புதுப் பூட்டு வாங்கிய வீடு மட்டும் வரவில்லை. இரண்டு சாவி இருக்கிறதே.

ஒரு வாரம் பொறுத்து டிராக்டர் டவுனுக்குக் கிளம்பியது. சாவியக்கா வெளியே வந்தாள். தலை சீவி, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"எங்கே?" என்றான் கணவன்.

"நூல் எடுக்க. நகருங்க."

"சாவிங்க?"

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் மெஷின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே பலகை நிறையத் தொங்கியது.

"யாராவது வந்தா நாடாவைப் பாத்துக் குடு. சந்தேகமா இருந்தா அவங்களையே எடுத்துக்கச் சொல்லு."

"சரிக்கா."

டவுனில் அவள் கடைவாசலிலேயே நின்று, நூற்கண்டை வெயிலில் பிடித்துப் பார்த்து, மயில்கழுத்து நீலத்தைத் தானே எடுத்தாள். கணவன் பக்கத்தில் நின்று, இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று கடைக்காரனிடம் முறையிட்டான். திரும்பும்போது வழியில் டயர் பஞ்சராகி, நேரமாகிவிட்டது. மட்கார்டில் உட்கார்ந்து வந்த அவளுக்கு ஊர் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. வயல்களில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள்.

தெருமுனையில் டிராக்டர் நிற்கும் முன்பே இறங்கினாள். வாசலைத் தாண்டிப் பலகையைப் பார்த்தாள்.

ஆணிகள் காலி. துருவேறிய சாவி மட்டும் தொங்கியது.

முக்காலியில் யாரும் இல்லை. பிறகு அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. தம்பி எட்டிப் பார்த்தான்.

"வந்துட்டியா? எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேருக்கு மட்டும் மாத்திக் குடுத்துட்டேன். பாதித் தெரு போனவங்க சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தாங்க."

தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவள் நூற்கண்டை மெஷின்மேல் வைத்தாள். சாயங்காலத்தில் அந்தப் பலகை அப்படித்தான் இருக்கும்.